மறு அறுவையா, மாற்று வாழ்வா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவது மரபு. கம்பனும் இளங்கோவும் முழங்கிய இம்மேடையில் இன்று குடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவையடக்கத்திற்காகச் சொல்லும் சொல்லன்று இது; உண்மையிலேயே பொருள் அதுதான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைநிலை ஊழியராக ரயில்வேயில் நுழைந்து, பின்னர்த் தேர்வெழுதிக் குமாஸ்தா ஆனவருக்கு மருத்துவம் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். பட்டுத் தெரிந்த தகுதி ஒன்றுதான். “சென்ற ஆண்டுகளில் விழா நடுவே நீங்கள் ஏன் அடிக்கடி எழுந்து போனீர்கள் என்று பலர் கேட்டார்கள், அதையே பேசுங்கள்” என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பணிந்தோம்.

இப்பொருளைச் சபையிலே பேசக் கூச்சம் இல்லாமல் இல்லை. ஆயினும் இந்த வங்க மண்ணிலே ஒருவர் எங்களுக்கு முன்பே அந்தக் கூச்சத்தை வென்றிருக்கிறார். 1909ஆம் ஆண்டிலே, பீர்பூம் மாவட்டத்து அகமத்பூர் நிலையத்தில், ஒகில் சந்திர சென் என்னும் பயணி இறங்கினார். பலாப்பழம் தின்று வயிறு உப்பியிருந்தது. ஒதுங்கப் போன நேரத்தில் கார்டு ஊதலை ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி வந்தவர் மேடையிலே விழுந்து, ஆண் பெண் அனைவர் முன்னும் அவமானப்பட்டார். வண்டியும் போய்விட்டது. அவர் சும்மா இருக்கவில்லை. சாகிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்திற்குத் தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினார். அதன் பின்னரே கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிவறை வந்தது என்பர். டில்லி ரயில் காட்சியகத்தில் வைத்துப் போற்றப்படும் மடல் அது. வெட்கத்தை விட்டு ஒருவர் எழுதியதால் கோடிக் கணக்கானோர் பயன் பெற்றனர் என்றால், நாங்களும் சிறிது வெட்கத்தை விட்டுப் பேசலாம் அல்லவா?

‘நான்’ என்னாமல் ‘நாங்கள்’ என்று சொல்வதையும் பொறுத்தருள வேண்டும். நோயுற்ற உடல் பேசுகின்ற இவனுடையதுதான். ஆனால் இரவிலே கண் விழித்தவர்கள் இருவர்; மருந்துச் சீட்டை எண்ணிப் பார்த்தவர்கள் இருவர்; முடிவு செய்தவர்களும் இருவர். ஆகையால், முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரையும் சேர்த்தே ‘நாங்கள்’ என்கிறோம்.

நோயின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 2006ஆம் ஆண்டில் எங்களுக்கு இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு தொடங்கியது. சீதபேதி என்றார்கள், மூலம் என்றார்கள், லேக் மார்க்கெட் நண்பர் ஒருவர் மாதுளம் பிஞ்சை மோரில் அரைத்துக் குடிக்கச் சொன்னார். கடைசியிலே குழாய் விட்டுப் பார்த்தபோது ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்னும் பெருங்குடல் புண் என்று தெரிந்தது. உடலைக் காக்க வேண்டிய படையே தன் பெருங்குடலின் உட்சுவரைப் பகையெனக் கருதித் தாக்குகின்ற நோய் இது. மலக்குடலில் தொடங்கி மேலே பரவும். ஏன் வருகிறது என்பது இன்றளவும் முழுமையாகப் புலப்படவில்லை. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பார்ப்பதில்லை. ஜப்பானியப் பிரதமராக இருந்த ஷின்சோ அபே 2007இலும் 2020இலும் பதவி துறந்தது இந்நோயினாலேயே.

மருந்தால் பலர் நலமாக வாழ்கின்றனர். எங்களுக்கு மருந்து கைகொடுக்கவில்லை. பெருங்குடலையும் மலக்குடலையும் நீக்கிவிட்டால் நோயின் இருப்பிடமே இல்லாமற் போகும் என்றனர் மருத்துவர். வீட்டை இடித்துவிட்டால் திருடன் எங்கே ஒளிவான் என்பது போன்றது அது. ஆனால் இடித்த பிறகு கழிவு எவ்வழியே போகும்?

இக்கேள்விக்கு விடை காண அறுவை மருத்துவர்கள் பல்லாண்டு உழைத்தனர். முதற்கண் இருந்த வழி, சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் ஒரு வாயாகத் திறந்து, அதன்மேல் பை ஒட்டுவது. இதை ‘ஸ்டோமா’ என்பர். 1952இல் இங்கிலாந்திலே பிரையன் புரூக் என்பவர், குடலின் முனையைச் சட்டைக் கையை மடிப்பது போல் வெளிப்புறமாக மடித்துத் தைத்தார். அதுமுதல் அவ்வாய் தோலைப் புண்ணாக்காமல் நிலைத்தது. 1969இல் சுவீடன் நாட்டு நில்ஸ் காக் என்பவர், சிறுகுடலையே வயிற்றுக்குள் பையாகத் தைக்கலாம் என்று காட்டினார். 1978இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கல்ஸ் என்னும் இருவர் அப்பையைக் கீழே இறக்கி ஆசனவாயோடு இணைத்து, இயல்பான வழியிலேயே கழிவு போகச் செய்தனர். 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா அப்பையை எளிய வடிவிலே அமைத்தார். சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தூண்டில் முள்ளைப் போல் மடித்து, இரு கால்களையும் ஒன்றாகத் தைப்பது அது. ஆங்கில எழுத்தான ‘ஜே’ போல் தோன்றுவதால் ‘ஜே பௌச்’ எனப் பெயர் பெற்றது.

2011இல் தென்னாட்டு மருத்துவமனை ஒன்றில் எங்களுக்கு அந்தப் பை அமைந்தது. மூன்று மாதம் வயிற்றிலே தற்காலிக வாய். பின் அதை மூடினார்கள். நாளுக்கு ஐந்தாறு முறை போக வேண்டியிருந்தது. அது குறையன்று, அப்பையின் இயல்பே அதுதான். எட்டு ஆண்டுகள் இனிதே கழிந்தன. மகள் பள்ளிக்குச் சென்றாள். பூசைக் காலத்தில் பந்தல் பந்தலாகச் சுற்றினோம். இந்த மேடையிலே நாடகத்தில் மந்திரி வேடமும் போட்டோம்.

2019இலிருந்து பை தளரத் தொடங்கிற்று. ஆறு எட்டாயிற்று, எட்டுப் பதினான்காயிற்று. இரவிலே நான்கைந்து முறை. கசிவும் உண்டு. சந்த்ராகாச்சியிலிருந்து ஹௌராவுக்கு லோக்கல் ரயில். லோக்கல் ரயிலிலே கழிவறை கிடையாது. அங்கிருந்து படகேறி அலுவலகம்; படகிலும் கிடையாது. கைப்பையில் மாற்றுக் கால்சட்டை ஒன்று எப்போதும் இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் முதலிலே தேடுவது கோயிலையன்று, கழிவறையை. திருமணங்களுக்குப் போவதை நிறுத்தினோம். உணவைக் குறைத்தால் போக்குக் குறையும் என்று பட்டினி கிடந்தோம். எடை 68 கிலோவிலிருந்து 51க்கு இறங்கியது. ஒகில் சந்திர சென் ஒரு நாள் பட்ட அவமானத்தை நாங்கள் நாள்தோறும் அஞ்சி வாழ்ந்தோம்.

பையிலே அழற்சி வருவது பொதுவானது. பையுடையோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு முறையேனும் வரும். நுண்ணுயிர்க் கொல்லி மருந்து இரண்டு வாரம் உட்கொண்டால் பெரும்பாலோர்க்குத் தணியும். தணியாதவர்க்கு ஊசி வழி ஏற்றும் புதிய மருந்துகளும் வந்துள்ளன. எங்களுக்கு இரு முறை தணிந்தது. மூன்றாம் முறை தணியவில்லை. 2022இல் குழாய் விட்டுப் பார்த்தனர். இடுப்புப் பகுதியை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தனர், சாய நீர் ஏற்றி எக்ஸ்-ரே பிடித்தனர். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. பையும் ஆசனவாயும் கூடும் இணைப்பிலே நெடுநாளாகச் சிறு கசிவு இருந்து, பின்புறம் சீழ்க் குழியொன்று உண்டாகி, இணைப்பும் சுருங்கியிருந்தது. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. மிகச் சிறந்த கைகள் தைத்த இணைப்பும் சில வேளை கசியும் என்பது இத்துறையினர் அனைவரும் ஒப்பும் உண்மை.

இரண்டு மருத்துவரைக் கண்டோம். ஒருவர், “பழைய இணைப்பைப் பிரித்து, பையைச் சீர்ப்படுத்தியோ புதிதாக அமைத்தோ மீண்டும் இணைக்கலாம்” என்றார். மற்றவர், “போதும் இந்தப் போராட்டம், நிலையான ஸ்டோமாவை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்றார். இருவரும் அறிஞர், இருவரும் அன்புடையர். இரண்டு நல்லவர்கள் இரண்டு திசை காட்டினால் ஏழைக் குமாஸ்தா எத்திசையிலே போவது?

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை அங்கே வள்ளுவப் பெருந்தகை வகுக்கிறார். நோயுற்றவனையும் அவர் ஓர் உறுப்பாக வைத்ததை நாங்கள் எண்ணிப் பார்த்தோம். அப்படியானால் அவன் வெறுமனே படுத்துக் கிடக்கும் பொருளன்று. அவனுக்கும் வேலை உண்டு. அவனது வேலை கேட்பது. ஆகவே அலுவலகக் கோப்பில் குறிப்பெழுதுவது போல் ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். இங்குள்ள எவருக்கேனும், எந்த அறுவைக்கேனும், பயன்படலாம் என்று அவற்றைச் சொல்கிறோம்.

முதற் கேள்வி: ஏன் தவறியது? மறு அறுவையின் விதி பெரிதும் இதிலேதான் இருக்கிறது. தையல் கசிவு, சுருக்கம், பை முறுக்கிக் கொள்ளுதல், கீழே பழைய மலக்குடல் நீளமாக விடப்பட்டிருத்தல் ஆகியவை அமைப்புக் குறைகள். இவற்றைக் கத்தி திருத்தலாம். ஆனால் நோயே உண்மையில் ‘கிரோன்’ என்னும் வேறு வகையாக இருந்து பின்னாளில் வெளிப்பட்டதாயின், புதிய பையையும் அது தாக்கக்கூடும். அழற்சி மட்டுமே காரணமாயின் முதலில் மருந்தைத்தான் முழுமையாகச் சோதிக்க வேண்டும். எங்களுடையது அமைப்புக் குறை என்று தெரிந்தது. நம்பிக்கைக்கு இடமிருந்தது.

இரண்டாவது: யார் செய்வார், எத்தனை செய்திருக்கிறார்? முதல் அறுவையைவிட மறு அறுவை மிகக் கடினம். பழைய வடுக்கள் எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருக்கும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் ரெம்சி என்பவரும் தோழர்களும் 500க்கு மேற்பட்ட மறு அறுவைகளின் பலனை 2015இல் வெளியிட்டனர். ஏறத்தாழ ஐவரில் நால்வருக்குப் பை நிலைத்தது. ஒருவருக்கு மீண்டும் தவறியது. நல்ல பலன்தான். ஆனால் அது இதையே தொழிலாகக் கொண்ட கைகளின் பலன் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது: வெற்றி என்றால் என்ன? பை நிலைப்பது ஒன்று. வாழ்வு நிலைப்பது வேறொன்று. மறு பை வெற்றி பெற்றாலும் நாளுக்கு ஆறேழு முறை போக வேண்டியிருக்கலாம். இரவிலே கசிவும் இருக்கலாம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். நான்காவது: தவறினால் என்ன மிஞ்சும்? பையை எடுத்தெறிய நேர்ந்தால் அதோடு சிறுகுடலின் ஒரு பகுதியும் போகும். சிறுகுடல் திரும்ப வளராத முதல். அதைச் செலவழிக்கக் கணக்குப் பார்க்க வேண்டும். இடுப்பிலுள்ள நரம்புகளுக்கும் இடர் உண்டு.

ஐந்தாவது கேள்வியை மருத்துவரிடம் கேட்க இயலாது, எங்களையே கேட்டுக்கொண்டோம். எங்களுக்கு எது வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வகுப்புக்குப் போன பின், தாளை நடுவே மடித்து இருபுறமும் எழுதினோம். ஒரு பக்கம் மறு அறுவை: மூன்று கட்டம், ஏறக்குறைய ஓராண்டு, விடுப்பு, செலவு, ஐந்தில் ஒரு பங்கு தோல்வி, வென்றால் வயிற்றிலே பை இல்லை. மறு பக்கம் நிலையான ஸ்டோமா: கசிவு இல்லை, ஓட்டமில்லை, ஆனால் சாகும்வரை வயிற்றிலே பை. எழுதி முடித்ததும் அம்மையார் கேட்டார்: “இந்தப் பக்கத்தில் எழுதியதெல்லாம் பயமா, வெட்கமா?” பார்த்தோம். ஸ்டோமாவுக்கு எதிராக எழுதியவற்றில் பெரும்பகுதி வெட்கமே. அதிலே வலி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

வெட்கத்தை லேசாக எண்ணிவிடவும் முடியாது. ஊரிலே இருக்கும் தாயாரிடம் தொலைபேசியிலே சொன்னோம். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “அதை வைத்துக்கொண்டு கோயிலுக்குள் எப்படியப்பா போவாய்?” என்று கேட்டார். அறுவைக்கு அஞ்சாத நாங்கள் அந்தக் கேள்விக்கு அஞ்சினோம். காலனிப் பிள்ளையார் கோயில் குருக்களிடமே தயங்கித் தயங்கிக் கேட்டோம். வயது எண்பதை நெருங்கும் அப்பெரியவர் சிரித்தார். “எல்லார் வயிற்றிலும் உள்ளதுதானே? பிள்ளையார் வயிற்றைக் கண்டு முகம் சுளிப்பாரா? குளித்துவிட்டு வா” என்றார். அன்றிரவே தாயாருக்குச் சொன்னோம். “குருக்களே சொன்னாரா?” என்று மூன்று முறை கேட்டுவிட்டு, அழுதார்.

அப்படியும் முடிவு பிறக்கவில்லை. அப்போது அறுவை மருத்துவர் ஒன்று சொன்னார்: “இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. மறு அறுவை செய்வதானாலும் முதலிலே வயிற்றில் ஸ்டோமா வைத்து, கழிவைத் திருப்பி, ஆறு மாதம் சீழ்க் குழியை ஆற விட வேண்டும். நிலையான ஸ்டோமா என்றாலும் தொடக்கம் அதுதான்.” ரயில்வேக்காரருக்கு இது உடனே விளங்கிற்று. ஹௌராவிலிருந்து சென்னைக்குப் போனாலும் நாகபுரி வழியே மும்பைக்குப் போனாலும் கரக்பூர் வரை பாதை ஒன்றே. எங்கே போவதென்று தெரியாதவனும் கரக்பூர் வரை தயங்காமல் போகலாம். நாங்கள் கரக்பூருக்குச் சீட்டு வாங்கினோம். 2023 பிப்ரவரியில் அறுவை நடந்தது.

முதல் மூன்று வாரம் துன்பமே. பை ஒட்டும் தட்டின் துளையைச் சரியாக வெட்டத் தெரியாமல் தோல் வெந்தது. ஒரு நாள் நள்ளிரவில் பை பிரிந்து படுக்கை பாழாயிற்று. அம்மையார் ஒரு சொல்லும் சொல்லாமல் விரிப்பை மாற்றினார். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அளவெடுக்கவும் வெட்டவும் ஒட்டவும் கற்றுக் கொடுத்தார். அதன்பின் தொல்லை குறைந்தது. இப்பையின் பிறப்பும் ஒரு செவிலியரின் அன்பிலேதான். 1954இல் டென்மார்க் நாட்டில் எலீசே சோரன்சன் என்னும் செவிலியர், ஸ்டோமா வைக்கப்பட்ட தம் தங்கை தோரா வெளியே போக அஞ்சி வீட்டிலேயே அடைந்து கிடப்பதைக் கண்டு பொறாமல், தோலில் ஒட்டிப் பின் எறியத்தக்க பையைச் சிந்தித்தார். தங்கைக்காக எண்ணியது உலகத்துக்கே உதவிற்று.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லாமல் விடலாகாது. நீரையும் உப்பையும் உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. அது இல்லாதவருக்கு, குறிப்பாக வங்காளத்துக் கோடையிலே, உடல்நீர் வற்றிவிடும். வெறும் தண்ணீரை மட்டும் மேலும் மேலும் குடித்தால் போதாது. உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு; பொட்டலமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். இன்னும் நன்று.

இந்தக் கரைசலின் வரலாற்றிலே நம் கொல்கத்தாவுக்கு உரிய இடத்தை அறிந்தால் பெருமை கொள்வீர்கள். 1953இலேயே இந்நகரத்து மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, வாந்திபேதி நோயாளிகளுக்கு வாய்வழியே உப்பு சர்க்கரை நீர் கொடுத்துக் கண்ட பலனை ‘லான்செட்’ இதழில் எழுதினார். 1971இல் வங்கப் போரினால் அகதிகள் வெள்ளமாக வந்தபோது, எல்லையோரத்துப் பொன்காவ் மருத்துவமனையில் வாந்திபேதியால் மக்கள் மடிந்தனர். நரம்பிலே ஏற்றும் நீர் தீர்ந்து போயிற்று. திலீப் மகலானாபிஸ் என்னும் மருத்துவர் பீப்பாய்களிலே உப்பு சர்க்கரைக் கரைசலை நிரப்பி, உறவினர்களையே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. 2022இல் அவர் மறைந்தார். மறைந்த பின் 2023இல் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. அவர் நம்பியது யாரை? அருகிருந்து உதவும் உறவினரை. வள்ளுவர் சொன்ன நான்காவது உறுப்பை. எங்கள் வீட்டிலே அந்தக் கரைசலைக் கலக்கிக் கொடுக்கும் பொறுப்பு மகளுக்கு.

நாற்பதாம் நாள் இரவு நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மையார் திடுக்கிட்டு விழித்தார். நான்காண்டுகளாக அந்த நேரத்தில் கழிவறைக் கதவு திறக்கும் ஒலியைக் கேட்டே பழகியவர். அன்று ஒலி இல்லை. மூச்சு இருக்கிறதா என்று மார்பிலே கை வைத்துப் பார்த்தார். இருந்தது. வெறும் உறக்கம்! விளக்கைப் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாகக் காலையிலே சொன்னார். ஆறு மாதத்தில் எடை 63 கிலோ ஆயிற்று. அவ்வாண்டுப் பூசைக்கு நாலு பந்தல் பார்த்தோம். வழியிலே கழிவறை எங்கே என்று ஒரு முறையும் தேடவில்லை.

கரக்பூர் வந்தது. இறங்கவோ மாறவோ வேண்டிய வேளை. மருத்துவரைக் காணச் சென்னை மெயிலில் போகையில் எதிர் இருக்கையில் வங்காள இளைஞர் ஒருவர்; வயது இருபத்தாறு; மணமாகாதவர். பேச்சு வளர்ந்தபோது அவருக்கும் இதே பை, இதே தவறு என்று தெரிந்தது. வியப்பன்று, மருத்துவத்திற்காக வங்காள மக்கள் வேலூர்த் திசை நோக்கிப் போவது நாள்தோறும் நாம் காண்பதுதானே? அவர் மறு அறுவைக்குப் போய்க்கொண்டிருந்தார். “தாதா, எனக்கு ஒரு முறை முயன்று பார்க்காவிட்டால் வாழ்நாள் முழுதும் மனம் ஆறாது” என்றார். எங்கள் நிலையைச் சொன்னோம். “உங்களுக்குத் தூக்கம் கிடைத்துவிட்டது; எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது” என்றார். இருவர் சொன்னதும் நியாயமே. அவர் இன்று மறு பையோடு நாளுக்கு ஆறு முறை போய் மகிழ்வாக இருக்கிறார். பூசைக்குப் பின் விஜயா வாழ்த்துச் சொல்லத் தவறாமல் தொலைபேசுகிறார்.

நாங்கள் மறு அறுவை வேண்டாம் என்று முடிவு செய்தோம். மருத்துவரும் தாம் அதையே எதிர்பார்த்ததாகச் சொன்னார். பழைய பையை எடுக்காமல் உள்ளேயே விட்டு, அதனைக் காலந்தோறும் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்வது. ஸ்டோமாவை மட்டும் நிலையான வடிவில் மாற்றுவது. 2024இல் அதுவும் முடிந்தது. தோற்றுவிட்டோமா என்று சில இரவுகளில் மனம் கேட்கும். பதின்மூன்று ஆண்டு காத்த பையை விட்டுக் கொடுத்தது எளிதன்று. இன்னும் கண்ணாடி முன் சட்டை மாற்றுகையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாள்கள் உண்டு. ஆயினும் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்போம். எங்களுக்கு வேண்டியது இடைவாய் இல்லாத வயிறு என்று அன்று எண்ணினோம். உண்மையிலே வேண்டியிருந்தது உறக்கமும், உணவும், மகளோடு வெளியே போகும் உரிமையும். அவை கிடைத்துவிட்டன.

பையோடு வாழ்வது முடங்கிக் கிடப்பதன்று. ரோல்ஃப் பெனிர்ஷ்கே என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரர் 1979இல் இதே நோய்க்கு அறுவை செய்துகொண்டு, வயிற்றிலே பையோடு 1980இல் மீண்டும் களத்தில் இறங்கி, மேலும் பல ஆண்டு ஆடினார். நாங்கள் பந்து உதைக்கப் போவதில்லை. கோப்புகளைத் தூக்கினால் போதும்.

முடிக்குமுன் மூன்று வேண்டுகோள். மலத்திலே இரத்தம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மூலம் என்று நீங்களே தீர்ப்பளிக்காதீர்கள். இரண்டாவது, பெரிய அறுவை எதுவாயினும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையேல், ஐந்து கேள்வி கேட்காமல் ஒப்பாதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். மூன்றாவது, இவ்வவையில் எவருக்கேனும், எவர் உறவினர்க்கேனும் ஸ்டோமா இருக்கக்கூடும். அவர்கள் தனியரல்லர். மும்பையிலே இதற்கென ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்னும் சங்கம் இருக்கிறது. ரயில்வேயும் இத்தகையோருக்கு மாத, காலாண்டு சீசன் சீட்டிலே பாதிக் கட்டணச் சலுகை வைத்திருக்கிறது. உடன் செல்லும் ஒருவர்க்கும் உண்டு. பலர் வெட்கத்தால் கேட்பதில்லை. எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். விண்ணப்பம் எழுதித் தருகிறோம். குமாஸ்தாவுக்குத் தெரிந்த கலை அது ஒன்றுதான்.

இவ்வளவு நேரம் பேசினோம். நடுவே ஒரு முறையும் எழுந்து போகவில்லை என்பதைச் செயலாளர் அவர்கள் குறித்துக்கொள்வாராக.